வலிப்பு அறுவை சிகிச்சைக்கு முன் மூளைக் கண்காணிப்பு: நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஈஈஜி எடுப்பது என் வேலை. மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும் பரிசோதனைக்குத்தான் ஈஈஜி என்று பெயர். சிங்கப்பூரில் வலிப்பு அறுவை சிகிச்சைக்குப் பரிசீலிக்கப்படுபவர்களின் தமிழ்க் குடும்பங்கள், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எங்களைப் போன்றவர்களிடம் கேட்பார்கள். வார்டு வாசலிலும் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருப்பவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல முடியும்.

மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் ஏன் அறுவை சிகிச்சை வரை போகிறார்கள்?

மாற்றிப் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சே வரும். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடுகிறது. மீதிப் பேருக்கு அடங்குவதில்லை. பொருத்தமான மருந்தை, போதுமான அளவில், ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மருந்துகள் கைகொடுக்கவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று முடிவு செய்வார்கள். அதற்கு மேல் மூன்றாவது, நான்காவது மருந்தில் வலிப்பு முழுசாக நிற்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

கனடாவில் 80 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. எல்லோருக்கும் டெம்போரல் லோப் என்ற பகுதியிலிருந்து வரும் வலிப்பு. அது காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் இருக்கும் மூளைப் பகுதி. பாதிப் பேரை அறுவை சிகிச்சைக்கும் பாதிப் பேரை மருந்துக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, நினைவு மங்கும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 8 விழுக்காடு.

இவ்வளவு வித்தியாசம் தெரிந்தும் நம்மவர்கள் 'கல்யாணம் முடியட்டும்', 'பிள்ளை ஓ லெவல் எழுதி முடிக்கட்டும்' என்று வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். வார்டில் சில நாள் தங்கி வலிப்பைப் பதிவு செய்யும் கண்காணிப்புக்கு ஒத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைக்கும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. பரிசோதனை முடிந்து, முடிவைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

எம்ஆர்ஐ ஸ்கேனிலேயே தழும்பு தெரிகிறது. அதை எடுத்துவிட வேண்டியதுதானே?

தழும்பு இருக்கும் இடம் ஒன்று, வலிப்பு கிளம்பும் இடம் இன்னொன்று என்று இருக்கலாம். சிலருக்கு இரண்டு தழும்புகள் இருக்கும், வில்லங்கம் ஒன்றில்தான். சிலருக்கு மாசு மரு இல்லாத சுத்தமான ஸ்கேன், ஆனால் மாதம் பத்து வலிப்பு. எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். அந்த வடிவத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. எடுத்த மூளையைத் திருப்பி வைக்க முடியாது என்பதால், ஸ்கேன், மின்பதிவு, வலிப்பின்போது உடம்பு நடந்துகொள்ளும் விதம் மூன்றும் ஒரே இடத்தைக் கைகாட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் தோண்ட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே நாலைந்து தடவை ஈஈஜி எடுத்தாயிற்றே?

அது அரை மணி நேரப் பதிவு. அந்த அரை மணி நேரத்தில் வலிப்பு வருவது அபூர்வம். இரண்டு வலிப்புக்கு இடையில் மூளை அவ்வப்போது போடும் கூர்மையான அலைகள் கிடைத்தால் உண்டு. வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு மட்டுமே. தொடங்கும் அந்த நொடியைப் பிடிக்க வேண்டும் என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மனித மூளையின் மின்சாரத்தை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924இல், வெளியிட்டது 1929இல். நூறு வருடம் ஆகியும் அடிப்படைச் சிக்கல் ஒன்று மாறவில்லை: மின்சாரம் மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வருவதற்குள் தேய்ந்து, பரவி, மங்கிவிடுகிறது. வீவக வீட்டில் ராத்திரி மேலே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், எந்த வீடு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா? நேர் மேல்வீடு என்று நினைப்போம், பக்கத்து வரிசையாக இருக்கும். தலைக்கு மேல் ஒட்டும் ஈஈஜிக்கும் அந்தக் கஷ்டம்தான். மூளைப் பரப்பில் ஏறக்குறைய 6 முதல் 10 சதுர சென்டிமீட்டர் அளவு இடம் ஒன்றாகச் சேர்ந்து துடித்தால்தான் வெளியே தெளிவாகத் தெரியும். மூளையின் மடிப்புக்குள்ளே ஆழத்தில் சின்னதாகத் தொடங்கினால், அது பரவிய பிறகுதான் எங்களுக்குச் செய்தி வரும்.

வீடியோ ஈஈஜி வார்டில் என்னதான் நடக்கும்?

முந்தின ராத்திரி தலைக்கு ஷாம்பூ போட்டு நன்றாக அலசிவிட்டு வர வேண்டும். எண்ணெய் வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் 'மருத்துவமனைக்குப் போகிறாள், தலை காயக்கூடாது' என்று பாட்டி ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்பிவிடுவார். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை, அதாவது மின்சாரத்தைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் சின்ன உலோக வில்லை, ஒட்டாது. ஒட்டினாலும் பதிவு சுத்தமாக இருக்காது. நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருந்தால் மின்முனை வைக்கும் இடத்தில் மட்டும் துடைத்துக்கொள்வோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் டேப்பால் தலையை அளப்போம். மூக்குத் தண்டின் மேல்பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை. இந்த அளவுகளை 10, 20 விழுக்காடாகப் பிரித்து, மெழுகுப் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைப்போம். உலகம் முழுக்க இதே கணக்குதான். புள்ளி உள்ள இடத்தில் தோலைக் கொஞ்சம் தேய்த்து, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான உலோக வில்லையைப் பசையால் ஒட்டுவோம். இருபதுக்கு மேல் ஒயர்கள். எல்லாவற்றையும் பின்னல் போல ஒன்றாகச் சேர்த்து, தலையில் துணி சுற்றி, ஒரு சின்னப் பெட்டியில் செருகிவிடுவோம். வலி கிடையாது. மூன்றாம் நாள் அரிக்கும், அது உண்மை.

பிறகு கட்டிலும் கேமராவும்தான். பொதுவாகச் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். இரவும் பகலும் படமும் அலையும் ஒன்றாகப் பதிவாகும். கழிப்பறைக்குத் தனியாகப் போக விடமாட்டார்கள். தலைக்குக் குளிக்க முடியாது. வார்டில் சலிப்புதான் பெரிய எதிரி. பொழுதுபோக்க ஏதாவது கொண்டுவாருங்கள். சூயிங்கம் மட்டும் வேண்டாம், மெல்லும் தசையின் மின்சாரம் பதிவைக் கெடுத்துவிடும்.

மருந்தைக் குறைத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்கிறார்களா?

ஆமாம். சுற்றி வளைக்காமல் சொல்வதுதான் நல்லது. இத்தனை வருடமாக எது வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டீர்களோ, அது வர வேண்டும் என்று வார்டில் காத்திருப்போம். மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள், சில நாள் தூக்கத்தைக் குறைப்பார்கள், வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், மின்னும் விளக்கைக் காட்டுவார்கள். ஒரே ஒரு வலிப்பு போதாது. வழக்கமாக வரும் வகை வலிப்புகளில் சிலவற்றையாவது பிடித்தால்தான் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றனவா என்று தெரியும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். வழக்கத்தைவிடப் பலமான வலிப்பு வரலாம், அடுத்தடுத்து வரலாம். விழுந்து அடிபடலாம், தோள் நழுவலாம். அதனால்தான் கையில் ஊசி வழி போட்டு வைத்திருப்பார்கள், கட்டிலுக்குப் பக்கக் கம்பி இருக்கும், ஆக்ஸிஜன் தயாராக இருக்கும், வலிப்பை நிறுத்தும் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இதையே வீட்டில், தாதியும் டாக்டரும் இல்லாமல், 'டாக்டரும் இப்படித்தானே செய்தார்' என்று மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

இன்னொன்று. பிள்ளை துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் பெற்றோர் உண்டு. பாசம்தான், புரிகிறது. ஆனால் அந்த ஒரு மாத்திரையால் இரண்டு நாள் பதிவு வீணாகலாம், அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு நாள் குறைந்த மருந்தில் அவரை வைத்திருக்க வேண்டிவரும்.

கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், பட்டனை அழுத்துங்கள். கட்டிலருகே ஒரு பட்டன் இருக்கும். நோயாளிக்கு 'வரப் போகிறது' என்ற முன்னுணர்வு வந்தால் அவரே அழுத்தலாம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது, இல்லாத வாசனை அடிக்கிறது, இதே இடத்தில் முன்பே இருந்ததுபோல் இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் மாறும். அந்த முன்னுணர்வே வலிப்பின் முதல் பகுதிதான். அது எப்படி இருந்தது என்பதை அவர் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, கேமராவை மறைக்காதீர்கள். அம்மாக்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். வலிப்பு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்கள், போர்வையை இழுத்து மூடுவார்கள். நாங்கள் போர்வையை விலக்குவோம். கை கால் எல்லாம் தெரிய வேண்டும். கட்டிலின் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள், கையைப் பிடித்து அடக்காதீர்கள்.

சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊரிலிருந்து வந்த நம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. வார்டில் இதனால் கூடுதல் கெடுதல்: எந்தக் கை முதலில் இறுகியது, எந்தக் கை தானாக எதையோ தடவியது என்பது எங்களுக்குத் தேவையான தடயம். சாவியைத் திணித்தால் அது கலைந்துவிடும். வாயில் ஸ்பூன் வைப்பதும் கூடாது, பல் உடையும்.

வலிப்பு நடக்கும்போதே தாதி வந்து, 'உங்கள் பெயர் என்ன, கையைத் தூக்குங்கள், இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பார். இரக்கமில்லாமல் கேள்வி கேட்பதாக ஒரு தாத்தா சண்டைக்கே வந்துவிட்டார். பேச்சு எப்போது போனது, எப்போது திரும்பியது என்பதைப் படம் பிடிக்கத்தான் அந்தக் கேள்விகள். இதில் நம் குடும்பங்கள் மறக்கக்கூடாத விஷயம், நோயாளி வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் அத்தையிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை, பேச்சுப் பகுதி பாதிக்கப்பட்டது என்று எழுதிவிடக் கூடாது இல்லையா? தேவையான இரண்டு மூன்று கேள்விகளைத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வைத்தால், எந்தத் தாதியும் வாசித்துக் கேட்கலாம்.

அந்த வீடியோவில் டாக்டர்கள் அப்படி என்ன பார்க்கிறார்கள்?

நீங்கள் ஒரு தடவை பார்க்கவே பயப்படும் ஒன்றரை நிமிடத்தை அவர்கள் முன்னும் பின்னும் ஓட்டி, நொடி நொடியாகப் பார்ப்பார்கள். ஒருவர் பேச்சை நிறுத்துகிறார், வெறித்துப் பார்க்கிறார், உதட்டைச் சப்புக்கொட்டுகிறார். வலது கை போர்வையைத் தடவிக்கொண்டே இருக்கிறது, இடது கை மணிக்கட்டு திருகி விறைக்கிறது. வலிப்பு நின்றதும் வலது கையாலேயே மூக்கைத் துடைக்கிறார். இந்தக் காட்சியில் விறைத்த கை இடது என்றால், வலிப்பு வலது மூளையில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். மூக்கைத் துடைக்கும் கை பெரும்பாலும் வலிப்பு தொடங்கிய பக்கத்துக் கை. மூக்கைத் துடைப்பதை வீட்டில் யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். அதற்கு இவ்வளவு மதிப்பு.

வலிப்பு முடிந்த பிறகு அவர் விழித்திருந்தும் பேச்சு வர நேரம் எடுத்தால், பேச்சுக்குப் பொறுப்பான பக்கம், பெரும்பாலும் இடது, சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று யோசிப்பார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. வீட்டில் கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் கட்டாயம் கொடுங்கள், மங்கலாக இருந்தாலும் சரி.

ஒரு வாரம் படுத்தும் வலிப்பே வரவில்லை என்றால்?

நடக்கும். வீட்டில் வாரம் இரண்டு தடவை வந்தது, கேமராவைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ளும். நாள் நீட்டிப்பார்கள் அல்லது இன்னொரு முறை வரச் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாமல் வந்துவிடுங்கள்.

பதிவைப் பார்த்துவிட்டு 'இது வலிப்பு நோயே இல்லை' என்கிறார்கள். அப்படியானால் நடிப்பா?

நடிப்பு இல்லை. பேயும் இல்லை. உடம்பு துடிக்கிறது, நினைவு தப்புகிறது, ஆனால் அந்த நேரத்தில் மூளையில் வலிப்புக்குரிய மின்புயல் இல்லை. மன அழுத்தம், பழைய அதிர்ச்சி போன்றவற்றோடு தொடர்புடைய இந்த வகை, கண்காணிப்பு வார்டுகளில் அரிதே அல்ல. சிலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இதற்கு வலிப்பு மாத்திரை உதவாது, பேச்சு வழி சிகிச்சை உதவும். வருடக்கணக்கில் சாப்பிட்ட தேவையில்லாத மாத்திரையிலிருந்து விடுதலை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. 'இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா' என்று மருமகளைக் கேட்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மண்டை ஓட்டில் துளை போட்டு மின்முனை வைக்க வேண்டும் என்கிறார்கள். அது எதற்கு?

வெளியிலிருந்து எடுத்த பதிவு, ஸ்கேன் எல்லாம் பார்த்தும் இடம் உறுதியாகவில்லை என்றால், அல்லது சந்தேகப்படும் இடம் பேச்சு, கை அசைவு போன்ற முக்கியமான பகுதிக்கு ஒட்டி இருந்தால், மூளைக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் தேவைப்படாது.

இதற்கு இரண்டு வழிகள். பழைய வழியில் மண்டை ஓட்டில் ஒரு பகுதியைத் திறந்து, மின்முனைகள் பதித்த மெல்லிய தகட்டை மூளையின் மேல் பரப்பி வைப்பார்கள். இன்னொன்று ஸ்டீரியோ ஈஈஜி. பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் தலைராக், ஜான் பாங்கோ இருவரும் 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை இது. தலையைத் திறப்பதில்லை. ஓரிரு மில்லிமீட்டர் அகலத் துளைகள் வழியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட மெல்லிய மின்முனைகளை ஆழத்துக்கு இறக்குவார்கள். பத்துப் பதினைந்து வரை கூட இறக்குவது உண்டு. ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பல தொடுபுள்ளிகள். எங்கே இறக்குவது என்பதை எம்ஆர்ஐ படத்தையும் ரத்தக் குழாய்களின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குழாய்க்குப் படாமல் பாதை போட்டு முன்கூட்டியே வரைவார்கள். இதற்கு இப்போது ரோபோக் கையையும் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, அதை ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியவில்லை: மின்முனை வைக்காத இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதனால் எங்கே சந்தேகம் என்ற தெளிவான ஊகம் முதலிலேயே இருக்க வேண்டும். அந்த ஊகம் எங்கிருந்து வரும்? நீங்கள் சொன்ன விவரம், மூக்கைத் துடைத்த கை, வெளியே எடுத்த ஈஈஜி, இவற்றிலிருந்துதான்.

வலிக்குமா? மொட்டை அடிக்க வேண்டுமா?

பொருத்தும்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். பிறகு தலைவலி இருக்கும், அதற்கு மாத்திரை உண்டு. மூளைக்கே வலி உணரும் நரம்பு கிடையாது. முடியைப் பொறுத்தவரை, ஸ்டீரியோ ஈஈஜிக்குப் பல இடங்களில் துளை போடும் இடத்தில் மட்டும் கத்தரிக்கிறார்கள், சில அறுவை மருத்துவர்கள் முழுசாக எடுக்கச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் எடுக்கத்தான் போகிறது என்றால் முதலில் கோயிலில் முடி இறக்கிவிட்டு வருகிறோம் என்று கேட்ட குடும்பமும் உண்டு. நல்ல யோசனைதான், தோலில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூளைக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பார்களாமே?

உள்ளே வைத்த மின்முனை வழியாக மிகக் குறைந்த மின்சாரத்தைச் சில நொடி செலுத்துவார்கள். இதற்கு இரண்டு காரணம். வழக்கமான வலிப்பு அதே இடத்தில் தூண்டப்படுகிறதா என்று பார்ப்பது ஒன்று. அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை அறையில் இப்படித் தொட்டுத் தொட்டு மூளையின் வரைபடத்தை உருவாக்கினார்.

சோதனை நடக்கும்போது படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். மின்சாரம் ஓடும் நொடியில் பூனைப் படம் கண்ணுக்குத் தெரியும், பெயர் வராது. நிறுத்தியதும் வந்துவிடும். அப்படியானால் அந்த இடத்தைத் தொடக்கூடாது. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை உண்டு. இரண்டு மொழி பேசுபவர்களின் மூளையில் இரு மொழிக்கும் பொதுவான இடங்களோடு, ஒரு மொழியை மட்டும் தடுமாற வைக்கும் இடங்களும் காணப்பட்டுள்ளன. அலுவலகத்தில் ஆங்கிலம், அம்மாவிடம் தமிழ் என்று வாழ்பவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். தமிழிலும் சோதிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் பேசும் ஊழியரையோ மொழிபெயர்ப்பாளரையோ ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும்.

இதற்கு மேல் என்ன பரிசோதனை இருக்கிறது?

ஆளைப் பொறுத்தது. சர்க்கரையை மூளை எங்கே குறைவாக எரிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் ஒன்று. வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் ஊசி போட்டு, பிறகு எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் இன்னொன்று. இதற்காக ஒருவர் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். ஞாபகசக்தி, சொல்வளம், கவனம் இவற்றை மணிக்கணக்கில் சோதிக்கும் உளவியல் பரிசோதனையும் உண்டு. அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். டெம்போரல் லோப் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஞாபகம் எவ்வளவு குறையலாம் என்ற மதிப்பீடு பெரிதும் அதிலிருந்துதான் வருகிறது.

உள்ளே மின்முனை வைப்பதில் எவ்வளவு ஆபத்து?

முக்கியமாக இரண்டு: ரத்தக்கசிவு, தொற்று. ஸ்டீரியோ ஈஈஜி பற்றி வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டுமே தனித்தனியாக நூற்றில் ஒருவர் அளவில்தான் வருகின்றன. மண்டை ஓட்டைத் திறந்து தகடு வைக்கும் முறையில் இதைவிட அதிகம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடங்காத வலிப்போடு வாழ்வதும் ஆபத்துதான். வலிப்பு உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் வேறு காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று இறக்கிறார், உடம்பு முழுவதும் வெட்டும் வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். 'ஒன்றும் செய்யாமல் இருப்பதே பத்திரம்' என்று பலர் நினைக்கும்போது இந்தக் கணக்கு விட்டுப்போகிறது.

எல்லாம் முடிந்து 'அறுவை சிகிச்சை முடியாது' என்று சொல்லிவிட்டால்?

சொல்வார்கள். வலிப்பு இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கிளம்பினால், அல்லது கிளம்பும் இடமே பேச்சுக்கும் கைக்கும் உரிய இடம் என்றால் சொல்லத்தான் வேண்டும். குடும்பங்கள் இதைத் தோல்வி போலக் கேட்டுக்கொள்கின்றன. என் பார்வையில், வெட்டக்கூடாத மூளையை வெட்டாமல் விட்டதும் இந்தக் கண்காணிப்பு செய்த வேலைதான். அதன் பிறகும் வழி இருக்கிறது. கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி, மூளையின் ஆழத்தில் தூண்டும் கருவி, குழந்தைகளுக்குக் கொழுப்பு அதிகமான கீட்டோஜெனிக் உணவு முறை. இவற்றால் வலிப்பு அடியோடு நிற்பது குறைவு, எண்ணிக்கை குறைவது உண்டு.

சிங்கப்பூரில் எங்கே போவது, செலவுக்கு என்ன வழி?

பெரியவர்களுக்கு, டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலும் சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்திலும் இயங்கும் என்என்ஐ என்ற தேசிய நரம்பியல் கழகம், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்றவை. சிறாருக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரிலிருந்து ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துக்கொள்கிறது. மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். தனியார் ஷீல்டு திட்டம் வைத்திருந்தால் வலிப்பை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், பலர் பில் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவ சமூக ஊழியரை முதலிலேயே பார்த்துவிடுங்கள், குடிமக்களுக்கு மெடிஃபண்டு உதவி உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வருட வரம்பு 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. உங்கள் பரிசோதனை அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

ஊரில் செய்துகொள்ளலாமா?

செய்யலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1995 முதல் வலிப்பு அறுவை சிகிச்சை செய்துவருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி போன்றவற்றுக்கும் நல்ல அனுபவம் உண்டு. உறவினர் துணை அங்கேதான் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு நியாயமான காரணம். ஆனால் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எம்ஆர்ஐ படங்களும், வலிப்பு வந்த நேரத்து வீடியோ ஈஈஜி பதிவும் வேண்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து தொடங்குவார்கள், மறுபடியும் மருந்தைக் குறைத்து மறுபடியும் வலிப்பு. அறுவைக்குப் பிறகான பின்தொடர் சிகிச்சையை இங்கே எந்த டாக்டர் ஏற்பார் என்பதையும் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்துப் பட்டியலை. வார்டில் குறைத்த மருந்தை எந்த அளவில், எந்த நாளிலிருந்து சாப்பிட வேண்டும் என்று எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். வீட்டில் பழைய பெட்டியில் இருக்கும் அட்டைகளையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு பணிப்பெண்ணிடம் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள். முதல் சில நாள் வலிப்பு வர வாய்ப்பு கூடுதல் என்பதால் தனியாகக் குளியலறையைப் பூட்டிக்கொள்வது, அடுப்படியில் தனியாக நிற்பது, நீச்சல் இவை வேண்டாம். வண்டி ஓட்டுவது பற்றி டாக்டர் சொன்னதே சட்டம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்கினாலோ 995ஐ அழையுங்கள்.

முடிவு அன்றே கிடைக்காது. நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், ஸ்கேன் நிபுணர், உளவியலாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து 'மாமாவிடம் கேட்டுச் சொல்கிறோம்' என்று திரும்பினால் அடுத்த சந்திப்புக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.